கேள்வி உங்களுடையது: பனிப்போரும் எங்கள் பச்சைத் தேயிலையும்

போன இதழில், ஜெர்மனியில் ஒரே நகரத்தை இரண்டாகப் பிரித்து நின்ற பெர்லின் சுவரைப் பற்றி நாலு வரி எழுதினேன், அவ்வளவுதான். மலை முழுக்க இதைப் பேச ஆள் இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. வந்த கடிதங்களில் பாதி ரஷ்யா, அமெரிக்கா பற்றித்தான். எல்லாவற்றுக்கும் இடமில்லை. ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டேன், மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஐந்தாவது படிக்கும் என் பேரன் பனிப்போர் என்றால் ஊட்டியில் பனி விழும்போது நடந்த சண்டையா என்று கேட்கிறான். நான் என்ன சொல்ல? (தாத்தா ஒருவர், குன்னூர்)

பையன் கேட்டதில் தப்பே இல்லை. நம் ஊரில் பனி என்றாலே உறைபனிதான் ஞாபகம் வரும். டிசம்பர், ஜனவரி ராத்திரியில் சத்தமில்லாமல் விழும், காலையில் போய்ப் பார்த்தால் தேயிலைச் செடி தீயில் வாட்டினதுபோல் கருகி நிற்கும். இந்தப் போரும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. இரண்டாம் உலகப் போர் 1945-ல் முடிந்ததும் ஜெயித்த பெரிய இரண்டு நாடுகளும், முதலாளித்துவ அமெரிக்காவும் கம்யூனிஸ்ட் சோவியத் யூனியனும், ஒன்றையொன்று நேருக்கு நேர் சுடாமல் நாற்பது வருஷத்துக்கு மேல் முறைத்துக்கொண்டே இருந்தன. அணுகுண்டு இரண்டு பேரிடமும் இருந்ததால் நேராக மோத பயம். அதனால் கொரியா, வியட்நாம், ஆப்கானிஸ்தான் என்று மற்றவர்கள் வீட்டு முற்றத்தில் அடித்துக்கொண்டார்கள், செத்தது அந்த வீட்டுக்காரர்கள். 1989-ல் பெர்லின் சுவர் விழுந்தது, 1991 டிசம்பரில் சோவியத் யூனியனே கலைந்தது. பேரனிடம் இந்த அளவு சொன்னால் போதும், மீதியை அவனே கேட்பான்.

எங்கள் அப்பா "ரஷ்யாக்காரன் போனான், தேயிலையும் போச்சு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அது உண்மையா, இல்லை பெரியவர்கள் எதற்கெடுத்தாலும் சொல்லும் காரணமா? (சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி)

உங்கள் அப்பா சொல்வதில் முக்கால்வாசி உண்மை. கால்வாசியைக் கடைசியில் சொல்கிறேன்.

1953 டிசம்பரில் இந்தியாவும் சோவியத் யூனியனும் ஒரு வர்த்தக ஒப்பந்தம் போட்டன. அதில் முக்கியமான விஷயம், கொடுக்கல் வாங்கல் ரூபாயிலேயே நடக்கும் என்பது. அன்றைக்கு நம்மிடம் டாலருக்குப் பஞ்சம், அவர்களுக்கும் டாலர் கையில் புரளவில்லை. அதனால் அவர்கள் நம்மிடம் தேயிலை, முந்திரி, தோல், துணி வாங்குவார்கள், நாம் அவர்களிடம் எந்திரம், எண்ணெய், அப்புறம் போர் விமானம் வரைக்கும் வாங்குவோம், எல்லாம் கணக்குப் புத்தகத்தில் ரூபாயாக ஏறி ரூபாயாகவே இறங்கும். நம் மளிகைக்கடை அண்ணாச்சியிடம் வைத்திருக்கும் பற்று வரவு நோட்டு மாதிரிதான், என்ன, நோட்டு கொஞ்சம் பெரிசு.

இதனால் என்ன ஆயிற்று என்றால், லண்டன் சந்தை ஏறினாலும் இறங்கினாலும் மாஸ்கோவுக்கு வருஷா வருஷம் தேயிலை போய்க்கொண்டே இருந்தது. எண்பதுகளின் கடைசியில் இந்தியா ஏற்றுமதி செய்த தேயிலையில் பாதியளவு அங்கேதான் போனது. குன்னூர் ஏலத்தில் அந்தப் பக்கத்துக்கு வாங்குகிறவர் கை தூக்கினால் விலை இறங்காமல் நிற்கும். உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டிருந்த நம் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகத் தேயிலைக்கு மாறின காலமும் இதுதான். (உருளைக்கிழங்கை விட்டதற்கு வேறு காரணமும் உண்டு, 1961-ல் ஊட்டிப் பக்கம் கண்டுபிடித்த நூற்புழு. அதைத் தனியாக எழுத வேண்டும்.)

இப்போது நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் மாமாவுக்கு ஒன்றரை ஏக்கர். சாயங்காலம் நாலு மணிக்கு இலை எடை போடும் கொட்டகையில் மூட்டையைத் தூக்கித் தராசில் மாட்டுவார்கள். மழைநாள் என்றால் ஈரத்துக்கு இத்தனை கிலோ கழிவு, முற்றின இலைக்கு இத்தனை கழிவு என்று ஏஜென்ட் தன் வாயாலேயே ஒரு கணக்குப் போடுவார். மாமா எதுவும் பேச மாட்டார், ஏனென்றால் மகள் கல்யாணத்துக்கு அதே ஏஜென்டிடம் முன்பணம் வாங்கியிருந்தார். எண்பதுகளில் அந்தக் கழிவு போகவும் மிச்சம் இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் கிலோ பத்து ரூபாய்க்கு மேல் போன பச்சை இலை 2000 வாக்கில் ஐந்து ரூபாய்க்குத் திண்டாடியபோது, பறிகூலியும் உரமும் போனால் கையில் நின்றது கழிவு மட்டும்தான். மாமா ஒரு வாரம் இலையே பறிக்காமல் விட்டார். தேயிலை அப்படி விட்டால் சும்மா இருக்குமா, முற்றிப் புதராகிவிடும், அப்புறம் கவாத்து செய்ய ஆள் கூலி வேறு.

1991-ல் சோவியத் கடை மூடிய உடனே அடி விழவில்லை, அதைத்தான் பலர் மறந்துவிடுகிறோம். சோவியத்துக்கு நாம் தர வேண்டியிருந்த பழைய கடனை ரூபாயில் அடைப்பது என்று 1993-ல் ரஷ்யாவோடு இந்தியா பேசி முடித்தது. அந்தக் கடன் ரூபாயை வைத்தே ரஷ்யர்கள் நம் தேயிலையைக் கொஞ்சகாலம் வாங்கினார்கள். 1998 ஆகஸ்டில் ரஷ்ய நாணயமான ரூபிள் சரிந்தது, அடி அப்போதுதான் பலமாக விழுந்தது.

அந்தக் கால்வாசி இதுதான்: எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் ஒரு பெரிய வாடிக்கையாளர் இருந்ததால் தரத்தைப் பற்றி நாம் கவலைப்படவில்லை. முற்றின இலையையும் சேர்த்து அள்ளிப் போட்டோம், ஃபாக்டரியும் கண்டுகொள்ளவில்லை. போட்டி வந்தபோது கென்யாவும் இலங்கையும் முன்னால் நின்றன. இதை அப்பாவிடம் சொல்லாதீர்கள், வயதான காலத்தில் எதற்கு.

குந்தா அணையைக் கட்ட கனடாக்காரர்கள் வந்தார்களாமே? அவர்களுக்கு நம் மலையில் என்ன வேலை? (மாணவி, மஞ்சூர்)

நல்ல கேள்வி, பாடப்புத்தகத்தில் இது இருக்காது. 1949-ல் சீனாவில் மாவோ ஆட்சியைப் பிடித்தார். அடுத்த வருஷம் ஜனவரியிலேயே பிரிட்டனும் காமன்வெல்த் நாடுகளும் கொழும்பில் கூடிப் பேசின. ஆசியாவில் பசி இருக்கும் இடத்திலெல்லாம் சிவப்புக் கொடி ஏறிவிடும், அதற்கு முன்னால் அணையும் மின்சாரமும் பள்ளிக்கூடமும் போக வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அதற்குக் கொழும்புத் திட்டம் என்று பெயர். அந்தத் திட்டத்தின் கீழ் கனடா உதவி செய்த பெரிய வேலைகளில் ஒன்று நம் குந்தா நீர்மின் திட்டம். ஐம்பதுகளின் நடுவில் தொடங்கி அறுபதுகளில் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தது.

அதன் அழகை ஒருமுறை நேரில் பாருங்கள். அவலாஞ்சி, எமரால்டு அணைகளில் தேங்கும் தண்ணீர் மலைக்குள் சுரங்கத்தில் இறங்கிக் குந்தாவில் ஒரு மின்நிலையத்தை ஓட்டுகிறது. அதே தண்ணீர் கீழே கெத்தையில் இன்னொன்றை, அதற்கும் கீழே பரளியில் இன்னொன்றை, கடைசியாகப் பில்லூரில் ஒன்றை. ஒரே பருக்கையை நாலு பந்தியில் பரிமாறின மாதிரி. சமவெளியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த கூலி ஆட்கள் பாறை உடைத்துப் போட்ட வேலை அது. கோயம்புத்தூர் மில்களும் பம்புசெட்டுகளும் இந்தக் கரண்டை வாங்கிக்கொண்டு ஓடின. அணைக்கு ஒட்டினாற்போல் இருந்த சில ஊர்களுக்குக் கரண்டு வர எவ்வளவு நாளானது என்று உங்கள் பாட்டியைக் கேளுங்கள், நான் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதே கனடா இதே நட்பில் டிராம்பேயில் சைரஸ் என்ற அணு உலைக்கும் உதவியது. 1974 மே மாதம் பொக்ரானில் நாம் அணுகுண்டு வெடித்துப் பார்த்தோமே, அதற்கான புளூட்டோனியம் அந்த உலையிலிருந்துதான் வந்தது. கனடா கோபித்துக்கொண்டு அணுசக்தி உறவை முறித்துக்கொண்டது.

நான் எழுபது வயது தாண்டியவள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அமெரிக்க மாவில் உப்புமா போடுவார்கள். எதற்காகக் கொடுத்தார்கள்? (ஓய்வுபெற்ற செவிலியர், ஊட்டி)

அம்மா, மாவோடு வந்த அந்த எண்ணெய் டின்னை மறக்க முடியுமா? இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் போட்டிருக்கும். எண்ணெய் தீர்ந்ததும் அந்த டின் எங்கள் வீட்டில் ஜெரேனியம் செடிக்குத் தொட்டியாக இருந்தது, துருப்பிடித்து ஓட்டையாகும் வரை அந்தக் கை குலுக்கல் அழியவில்லை.

அங்கே கோதுமை மிஞ்சிக் கிடந்தது, இங்கே பஞ்சம். 1954-ல் அமெரிக்காவில் பி.எல். 480 என்று ஒரு சட்டம் வந்தது, மிஞ்சின தானியத்தை உதவியாகவும் ரூபாய்க்கும் மற்ற நாடுகளுக்குத் தரலாம் என்று. அவர்கள் விவசாயிக்கு விலை கிடைத்தது, நமக்கு வயிறு நிறைந்தது, இடையில் நட்பும் வளர்ந்தது, மூன்றும் ஒரே மூட்டையில். காமராஜர் கொண்டுவந்த மதிய உணவுக்கு கேர் என்ற அமெரிக்க அமைப்பு மாவும் பால் பவுடரும் எண்ணெயும் கொடுத்தது. பவுடர் பால் வாசனை பிடிக்காமல் பிள்ளைகள் முகம் சுளித்ததும், சுளித்தபடியே குடித்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

ஆனால் கொடுக்கிற கை எப்போதும் மேலேதான் இருக்கும். 1965, 66-ல் மழை பொய்த்து நாடே தவித்தபோது, வியட்நாம் போரைப் பற்றி இந்தியா வாயைத் திறந்து பேசியது பிடிக்காத அதிபர் ஜான்சன், கோதுமைக் கப்பலை மொத்தமாக அனுப்பாமல் மாதக் கணக்கில் அளந்து அளந்து விட்டார். ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் கோதுமை. சோறு தின்னு வளர்ந்த ஊரில் கோதுமையை என்ன செய்வது என்று தெரியாமல் பலர் அதை உடைத்துச் சோறு மாதிரியே வடித்தார்கள். 1967 தேர்தலில் "ரூபாய்க்கு மூன்று படி அரிசி" என்ற பேச்சு எடுபட்டதற்கு இந்தப் பசிக்கும் பங்குண்டு, இந்தி எதிர்ப்பு மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை.

நாங்கள் சிலோனிலிருந்து வந்தவர்கள். எங்கள் கதைக்கும் இந்தப் பனிப்போருக்கும் சம்பந்தம் உண்டா? (தேயிலைத் தோட்டத் தொழிலாளி, சேரம்பாடி)

உண்டு ஐயா, நிறையவே.

1947-ல் இலங்கையில் நடந்த தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் வாக்களித்து சிலோன் இந்தியன் காங்கிரஸ் சில இடங்களில் ஜெயித்தது. வேறு பல தொகுதிகளில் இவர்கள் வாக்கு இடதுசாரிகள் பக்கம் போனது. ஆட்சியிலிருந்தவர்களுக்கு இது வயிற்றில் புளியைக் கரைத்தது. 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் உங்கள் அப்பா, தாத்தாவை ஒரே நாளில் நாடில்லாதவர்களாக்கியது, அடுத்த வருஷம் வாக்கும் போயிற்று. இன வெறுப்பு பெரிய காரணம், அதை மறைக்க வேண்டாம். கூடவே, தொழிலாளர்கள் குடியிருந்த தோட்டத்து லயத்தில் சிவப்பு வளர்ந்துவிடுமோ என்ற பயமும் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால் அதே அரசாங்கம் 1952-ல் கம்யூனிஸ்ட் சீனாவுக்கு ரப்பர் கொடுத்து அரிசி வாங்கியது. அமெரிக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டது. அரிசிக்குக் கொள்கை கிடையாது.

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். நாடில்லாமல் நின்ற 9,75,000 பேரைக் காய்கறி மாதிரிப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. 1974-ல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். உங்களில் யாரையும் யாரும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் இந்தியா 1962 சீனப் போரில் அடிபட்டு நின்றது, அக்கம்பக்கத்து நாடுகள் சீனா பக்கம் சாய்ந்துவிடக்கூடாது என்ற கவலை டெல்லிக்கு இருந்தது. அந்தக் கவலையின் எடையைத் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமில் வரிசையில் நின்றவர்கள்தான் சுமந்தார்கள் என்பது என் எண்ணம்.

அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழக அரசு 1968-ல் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது, பின்னால் அதுவே டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்த ஆச்சி ஒரு தகரப்பெட்டியும் ஒரு அம்மிக்குழவியும் கொண்டு வந்தார். அம்மியை விட்டுவிட்டுக் குழவியை மட்டும் ஏன் தூக்கி வந்தீர்கள் என்று கேட்டால், "அம்மி கனம், தம்பி" என்பார். டீ என்று சொல்ல மாட்டார், கடைசி வரை தேத்தண்ணிதான். வந்த புதிதில் ஊர்க்காரர்கள் அவர்களிடம் நடந்துகொண்ட விதம் பெருமைப்படும்படி இல்லை, அதில் எங்கள் வீடும் சேர்த்தி.

இரண்டு வல்லரசும் போட்டி போட்டதில் சாதாரண மக்களுக்கு ஏதாவது நல்லது நடந்ததா? (ஆசிரியை, அருவங்காடு)

நடந்தது. எதிராளி பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றால் வீட்டைக் கொஞ்சம் கூட்டி வைப்போமே, அந்த மாதிரி.

அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் அடைத்து வைத்திருந்தார்கள். சுதந்திரம் பேசுகிற நாடு இப்படி நடந்தால் கம்யூனிஸ்டுகள் பிரச்சாரம் செய்யத் தீனி கிடைக்கிறது என்று 1952-ல் அமெரிக்க அரசின் நீதித்துறையே உச்ச நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது. 1954-ல் தனிப் பள்ளி முறை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பை வாங்கித் தந்தது கறுப்பின மக்களின் போராட்டம். மாஸ்கோ பார்க்கிறதே என்ற வெட்கமும் கொஞ்சம் கைகொடுத்தது.

பெண்கள் விஷயம் இன்னும் சுவாரசியம். 1959-ல் மாஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கண்காட்சியில் அமெரிக்கத் துணை அதிபர் நிக்சனும் சோவியத் தலைவர் குருஷ்சேவும் ஒரு மாதிரி சமையலறையில் நின்று வாஷிங் மெஷினைக் காட்டிச் சண்டை போட்டார்கள். எங்கள் பெண்களுக்கு வேலை குறைகிறது பார் என்று நிக்சன் சொல்ல, பெண்ணைப் பற்றி உங்களுக்கு இருக்கும் முதலாளித்துவப் பார்வை எங்களிடம் கிடையாது என்று குருஷ்சேவ் சொன்னார். நாலு வருஷம் கழித்து 1963 ஜூனில் வாலண்டினா தெரெஷ்கோவாவை விண்வெளிக்கே அனுப்பினார்கள். அமெரிக்கப் பெண் ஒருவர் போக 1983 ஆனது. ஆனால் அதே சோவியத் பெண் பகலில் ஃபாக்டரியில் உழைத்துவிட்டு சாயங்காலம் கடை வரிசையில் நின்று, அப்புறம் வீட்டில் சமைக்கவும் செய்தார். வாஷிங் மெஷின் அவருக்கும் தேவைப்பட்டிருக்கும்.

நம் பக்கம் வந்தால், 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. லைன் வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைக் கொட்டகை எல்லாம் கொடுத்தாக வேண்டும் என்று அதில்தான் எழுதினார்கள். கம்யூனிஸ்டுகளின் செங்கொடிச் சங்கம் எஸ்டேட் வாசலில் நிற்காமல் இருந்திருந்தால் துரைமார்கள் இதற்கு இவ்வளவு சீக்கிரம் தலையாட்டியிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

பெயர் வைப்பதிலும் பார்த்திருப்பீர்கள். என் வகுப்பில் லெனினும் கென்னடியும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள், ஒரே பென்சிலுக்குத்தான் அடித்துக்கொண்டார்கள்.

கொடைக்கானல் வானியல் ஆய்வுக்கூடத்துக்கு இதில் பங்கு உண்டா? (சுற்றுலா வழிகாட்டி, கொடைக்கானல்)

1957, 58-ல் உலகம் முழுக்கச் சூரியனையும் பூமியையும் சேர்ந்து ஆராய்வதற்காக சர்வதேச புவி இயற்பியல் ஆண்டு என்று ஒன்று நடந்தது, இரண்டு வல்லரசும் அதில் கலந்துகொண்டன. அந்த ஆண்டை ஒட்டித்தான் 1957 அக்டோபர் 4-ல் சோவியத்தின் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் பறந்தது. கொடைக்கானல் பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே எடுக்கும் கணக்குக்குத் தனி மதிப்பு. அதே கோட்டுக்காகத்தான் ராக்கெட் விடுவதற்குக் கேரளத்தில் தும்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள். 1963 நவம்பர் 21-ல் அங்கிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் அமெரிக்காவுடையது, உள்ளே வைத்த சோடியம் பிரான்ஸ் கொடுத்தது, ஹெலிகாப்டரும் கம்ப்யூட்டரும் சோவியத் தந்தது. உங்கள் பயணிகளுக்கு இதைச் சொல்லுங்கள், குணா குகையை விட நல்ல கதை.

நாம் உண்மையிலேயே அணிசேராமல் இருந்தோமா? (பெயர் போடவில்லை, குன்னூர்)

பிலாயில் ரஷ்ய எஃகு ஆலை, ரூர்கேலாவில் மேற்கு ஜெர்மனி, துர்காபூரில் பிரிட்டன். சென்னை ஐ.ஐ.டி.க்கு மேற்கு ஜெர்மனி, கான்பூருக்கு அமெரிக்கா, பம்பாய்க்கு சோவியத். நெய்வேலி மின்நிலையத்துக்கும் சோவியத். நம் நீலகிரி விவசாயத்துக்கு அறுபதுகளின் கடைசியில் மேற்கு ஜெர்மனி. கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற மாதிரி எல்லோர் பெயரும் நோட்டில் இருக்கிறது. அணிசேராமை என்றால் எதிலும் சேராமல் இருப்பது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம், எல்லோரிடமும் வாங்கிக்கொள்வதைத்தான் நாம் அப்படிச் சொன்னோம். ஏழை நாட்டுக்கு அது கெட்டிக்காரத்தனம் என்றே சொல்வேன். 1971 ஆகஸ்டில் சோவியத்தோடு உடன்படிக்கை போட்டதும், டிசம்பரில் வங்கதேசப் போரின்போது அமெரிக்காவின் ஏழாவது கடற்படை வங்காள விரிகுடாவுக்கு வந்ததும் தராசு ஒரு பக்கம் சாய்ந்தது உண்மை.

அப்பா இறந்தபிறகு வீட்டில் ஒரு பெட்டி நிறைய பழைய ரஷ்யப் புத்தகங்கள், சோவியத் நாடு இதழ்கள். பழைய பேப்பர்காரருக்குப் போடலாமா? (இல்லத்தரசி, குந்தா)

ஐயோ, வேண்டாம் அம்மா!

மாஸ்கோவில் அச்சடித்த அந்தத் தமிழ்ப் புத்தகங்கள் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கடையில் கிடைத்த விலைக்கு அன்றைக்கு ஒரு மசால் தோசை வராது. கணக்குப் படிக்கவும் கதை படிக்கவும் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளுக்கு அதுதான் வழி. அவர்கள் எழுதாமல் விட்ட கொடுமைகள், சிறை முகாம்கள் எல்லாம் பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது, வழுவழு தாளில் டிராக்டர் ஓட்டிச் சிரித்த பெண்களை மட்டும் பார்த்து வளர்ந்தோம். அந்த இதழ்த் தாளைக் கிழித்துத்தான் ஜூன் மாதம் நோட்டுக்கு அட்டை போடுவோம். மழைக்காலத்தில் ஈரம் ஏறி இரண்டு நோட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிய்த்தால் மாஸ்கோவின் சிவப்புச் சதுக்கம் பாதி என் கணக்கு நோட்டிலும் பாதி தமிழ் நோட்டிலும் வரும்.

முதலில் வெயில் வரும் நாளாகப் பார்த்து ஒரு மணி நேரம் விரித்து வையுங்கள், நேர் வெயில் வேண்டாம். பூஞ்சை பிடித்ததைத் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். அப்புறம் எழுதுங்கள், நான் வந்து பார்க்கிறேன். தாள் கிழிந்ததெல்லாம் பரவாயில்லை. சிறுவர் படக்கதை ஏதாவது இருந்தால் அதை மட்டும் முதலில் எனக்குக் காட்டுங்கள்.